படிம மறைப்பு (நிகழ்படத் தொகுப்பு)

நிகழ்படத் தொகுப்பில் படிம மறைப்பு என்பது, ஒரு நிகழ்படத்தின் எப்பகுதி தெரியவேண்டும், எப்பகுதி மறையவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கறுப்பு வெள்ளைப் படிமம் ஆகும். இரு நிகழ்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மறைப்பின் வெண்மையான இடங்களில் மேலுள்ள படமும், கருமையான இடங்களில் கீழுள்ள படமும் தெரியும். சாம்பல் நிற இடங்களில் இரண்டும் கலந்து தோன்றும். தொகுப்பாளர்கள் இதனை மாஸ்க் என்றோ மேட் என்றோ அழைப்பர். முகமூடி என்பது நேர்ப்பொருள் தரும் சொல்லாயினும், மறைக்கப்படுவது முகமன்று ஆதலால் இங்கு மறைப்பு என்பதே பொருத்தமானது.

வட்டம், செவ்வகம் போன்ற எளிய வடிவங்கள் மென்பொருளிலேயே கிடைக்கும். எழுத்து, இலை, தூரிகைத் தீற்று போன்ற உருவங்களுக்குள் நிகழ்படத்தைக் காட்ட விரும்பினால், பயனரே ஒரு படிமத்தை வரைந்து அளிக்கவேண்டும்.

வரலாறு

இந்நுட்பம் கணினிக்கு மிகவும் முற்பட்டது. 1898-இல் பிரான்சின் ஜார்ஜ் மெலியே, கறுப்புப் பின்னணியில் ஒரே படச்சுருளைப் பலமுறை ஒளிபடச் செய்து, ஒரு மனிதனின் தலையைப் பலவாகக் காட்டினார். எட்வின் போர்ட்டர் 1903-இல் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' படத்தில், தந்தி அலுவலகச் சாளரத்துக்கு வெளியே ஓடும் தொடர்வண்டி தனியே படமாக்கப்பட்டு, மறைப்பின் உதவியால் சேர்க்கப்பட்டது. நடிகரின் உருவத்துடன் நகரும் மறைப்பு முறைக்கு பிராங்க் வில்லியம்ஸ் 1918-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுடன் ஒளிபுகாமையையும் நான்காவது எண்ணாகச் சேமிக்கும் முறையை உருவாக்கினர். இது ஆல்ஃபா தடம் எனப்படும். படங்களை ஒன்றுசேர்ப்பதற்கான கணித விதிகளைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் வெளியிட்டனர்.

செயல்படும் விதம்

கணினிக்கு மறைப்பு என்பது ஒரு படமன்று, எண்களின் அட்டவணையே ஆகும். 8 பிட் படிமத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. இவ்வெண்ணை 255-ஆல் வகுத்தால் 0 முதல் 1 வரையான ஓர் அளவு கிடைக்கும். மேற்படப் புள்ளியின் மதிப்பை இவ்வளவாலும், கீழ்ப்படப் புள்ளியின் மதிப்பை 1-இலிருந்து இதனைக் கழித்துவரும் மீதியாலும் பெருக்கிக் கூட்டுவர். எடுத்துக்காட்டாக, மேற்படப் புள்ளி 200, கீழ்ப்படப் புள்ளி 40, மறைப்பின் அளவு 0.25 எனில், விளைவு 50 + 30 = 80 ஆகும்.

மறைப்பை வண்ணத்தில் வரைவதால் எதிர்பாராத விளைவு ஏற்படும். உயர்தெளிவு நிகழ்படத்துக்கான சீர்தரத்தின்படி ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. ஆகவே கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தூய நீலம், மறைப்பாகும்போது ஏறக்குறையக் கறுப்பாகிவிடும்.

ஒளிர்வு மறைப்பும் ஆல்ஃபா மறைப்பும்

தொடக்கநிலைப் பயனர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. ஒளிர்வு முறையில் மென்பொருள் படிமத்தின் வெண்மையை அளக்கிறது; ஆல்ஃபா முறையில் நிறத்தைப் பொருட்படுத்தாது ஒளிபுகாமையை மட்டும் பார்க்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை வட்டம் வரைந்து ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் அதில் ஆல்ஃபா தடம் இராது. அதனை ஆல்ஃபா முறையில் பயன்படுத்தினால் எதுவும் மறையாமல் மேற்படம் முழுவதும் தெரியும். மாறாக, ஒளிபுகும் பின்னணியில் கறுப்பு வட்டம் வரைந்து ஒளிர்வு முறையில் பயன்படுத்தினால் மேற்படம் முழுவதும் மறைந்துவிடும். மென்பொருளில் பழுது இருப்பதாக எண்ணுமுன் இத்தெரிவைச் சரிபார்த்தல் நன்று.

கோப்பும் அளவும்

மறைப்பைப் பிஎன்ஜி வடிவில் சேமிப்பது சிறந்தது. அது தரவை இழக்காமல் சுருக்குவதுடன் ஆல்ஃபா தடத்தையும் ஏற்கும். ஜேபெக் சுருக்கம் விளிம்பருகே மெல்லிய சாம்பல் புள்ளிகளை விட்டுச்செல்லும். அவ்விடங்களில் மற்றப் படம் கசிந்து தெரியும். ஜிஃப் வடிவில் ஒரு புள்ளி முழுதும் தெரியும் அல்லது முழுதும் மறையும் என்பதால் விளிம்பு அரம்போல் அமையும்.

படிமத்தின் அளவு நிகழ்படச் சட்டத்தின் அளவுக்கு ஒத்திருக்கவேண்டும். 1000×1000 புள்ளிப் படிமத்திலுள்ள வட்டம், 1920×1080 சட்டத்தை நிரப்புமாறு நீட்டப்பட்டால் முட்டைவடிவம் பெறும்.

அசையும் மறைப்பு தேவையெனில் நிகழ்படத்தையே மறைப்பாக்கலாம். இங்கு மறைவான இடர் ஒன்று உண்டு. பல நிகழ்படக் கோப்புகளில் கறுப்பு 16 எனவும் வெள்ளை 235 எனவும் பதியப்படும். மென்பொருள் இவற்றை 0, 255 என விரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால், மறையவேண்டிய படம் சுமார் 6 விழுக்காடு ஆவிபோல் எஞ்சி நிற்கும். இருண்ட காட்சிகளில் இது தெளிவாகப் புலப்படும்.

மென்பொருள்கள்

அடோபி பிரீமியர் புரோவில் 'டிராக் மேட் கீ' என்னும் விளைவும், ஆஃப்டர் எஃபெக்ட்சில் 'டிராக் மேட்' வசதியும் இதற்குரியவை. இரண்டிலும் ஒளிர்வு, ஆல்ஃபா ஆகிய இரு முறைகளும் உண்டு. கட்டற்ற மென்பொருளான ஷாட்கட்டில் 'மாஸ்க்: ஃப்ரம் ஃபைல்' வடிகட்டி உள்ளது. கட்டளை வரியில் பணிபுரிவோர் எஃப்எஃப்எம்பெக்கின் 'ஆல்ஃபாமெர்ஜ்' வடிகட்டியால் சாம்பல்நிறப் படிமத்தை ஆல்ஃபா தடமாக்கி, பின்னர் 'ஓவர்லே' மூலம் கீழ்ப்படத்தின்மேல் வைக்கலாம். நடுவில் துளையுள்ள அலங்காரச் சட்டத்தை மட்டும் நிகழ்படத்தின்மேல் வைக்க விரும்புவோருக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒளிபுகும் துளையுள்ள பிஎன்ஜி கோப்பை மேலடுக்கில் இட்டாலே போதும்.