மை காட்டிய திருடனும் பா பெலாலாங்கும்



தோட்டத்து லயத்தில் ஒரு சங்கிலி காணாமல் போனால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? போலீசுக்குப் போகுமுன் மை போட்டுப் பார்ப்பவரிடம் ஓடுவார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி, திருடன் உருவம் தெரிகிறது என்பார். சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அந்த மைக்காரரை நினைத்தாலே எனக்கு ஒரு மலாய்ப் படம் ஞாபகம் வரும். பி.ரம்லி இயக்கி நடித்து 1959இல் வெளிவந்த 'நுஜும் பா பெலாலாங்'. நுஜும் என்றால் சோதிடர், பெலாலாங் என்றால் வெட்டுக்கிளி. சோம்பேறித் தகப்பனுக்குக் கெட்டிக்கார மகன். மகனே மாடுகளை ஒளித்து வைத்துவிட்டு, "என் அப்பா கண்டுபிடித்துத் தருவார்" என்கிறான். புகழ் பரவுகிறது. அரண்மனையில் களவு போனதும் சுல்தான் அவரையே அழைக்கிறார். பயந்துபோன மனிதர் தன் உடலையும் உயிரையும் நினைத்துப் புலம்புகிறார். மலாயில் உடல் 'பாடான்', உயிர் 'ஞாவா'. திருடர்கள் இருவரின் பெயர்களும் அவையே! மாட்டிக்கொண்டோம் என்று அவர்களே சரணடைகிறார்கள்.

1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சேறிய நாள் முதல், துப்பறிபவர் என்றாலே மகா புத்திசாலி என்று வாசகர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தமிழில் கேலி செய்தவர் தேவன். 1940களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு', உளறியே வழக்குகளைத் தீர்த்துப் பெயர் வாங்கினார். பா பெலாலாங் சாம்புவின் மலாய்ச் சகோதரர் என்பேன்.

மலாய்ப் படம்தானே, நமக்கென்ன என்று ஒதுக்க வேண்டாம். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் இந்திய இயக்குநர்கள் பலர் உழைத்திருக்கிறார்கள். ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல்.கிருஷ்ணன்.

படத்தில் குருட்டு அதிர்ஷ்டம் உண்மைத் திருடர்களைப் பிடித்தது, நாமும் சிரித்தோம். லயத்தில் மை யாரைக் காட்டியிருக்கும்? ஊர் வாய் ஏற்கெனவே சந்தேகித்த ஆளைத்தான். கேட்க நாதியில்லாத குடும்பம் என்றால் இன்னும் சுலபம். ஒருமுறை பெயர் கெட்டால் பிள்ளைகள் வரை அந்தச் சொல் துரத்தும். சங்கிலி பிறகு அடுப்படியிலேயே கிடைத்தாலும் போன மானம் திரும்புமா?

மைக்காரர்கள் இன்று அரிது. ஆனால், கைப்பேசியில் ஒரு படம் வந்ததும் "இவன்தான் திருடன்" என்று பத்துப் பேருக்கு அனுப்புகிறோமே, அதுவும் மை போடுவதுதான்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். திருடர்கள் சரணடையும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பா பெலாலாங் என்ன கண்டுபிடித்தார்?" ஒன்றுமே இல்லை என்று பிள்ளை சொன்னால், அடுத்த முறை யாராவது யாரையாவது கை காட்டும்போது அது கொஞ்சம் யோசிக்கும்.