எட்டுப் பேரின் இரகசியம்: குழு உளச்சிகிச்சை ஆய்வுகள் அச்சேறும் விதம்

1905ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதாம் சிகிச்சை. சானடோரியம் செல்ல வசதியில்லாத ஏழை நோயாளிகளை வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூட்டி, எடை பார்த்து, அவர்கள் வீட்டில் எழுதி வந்த குறிப்பேடுகளைப் படித்து, தேறியவர்களை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார் பிராட். 1907இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

காசநோயைப் பற்றிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் குழு உளச்சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொடங்குகின்றனர். ஒரே துன்பத்தில் இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவரால் மற்றவர் தேறுகிறார் என்பது அந்த வகுப்பில் தெரிந்தது. 1930இல் பிராட், உடலில் நோய் எதுவும் காணப்படாமலேயே அவதிப்பட்டவர்களுக்கென ஒரு வகுப்பைத் தொடங்கினார்.

இன்று குழு உளச்சிகிச்சை என்றால், பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் ஏழெட்டுப் பேர் வாரந்தோறும் கூடி, மனத்தில் உள்ளதைப் பேசிப் பகிர்வதாகும். இதற்கென்றே தனி ஆய்விதழ்கள் உள்ளன. ஜேக்கப் மொரேனோ 1947இல் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய போட்டியாளரான சாமுவேல் ஸ்லாவ்சன் 1951இல் ‘குழு உளச்சிகிச்சையின் அனைத்துலக ஆய்விதழ்’ வெளிவரக் காரணமானார். ஸ்லாவ்சன் மருத்துவரல்லர், பொறியியல் படித்தவர்.

இத்துறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கு முதல் சிக்கல் இரகசியம். ஒரு நோயாளி, ஒரு மருத்துவர் என்றால் ஒருவரிடம் எழுத்துபூர்வ சம்மதம் வாங்கினால் போதும். குழுவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஏழு பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் என்ன செய்வது? அவர் பேச்சை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. மற்றவர் அழுததற்கும் கோபித்ததற்கும் அவர் சொன்ன ஒரு வார்த்தையே காரணமாக இருந்திருக்கலாம்.

பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் வெளியாருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். ஆனால் அதே குழுவில் உட்கார்ந்திருந்த மற்ற ஏழு பேருக்கு முதல் பத்தியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தன்னைப் பற்றி மருத்துவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதைச் சம்பந்தப்பட்டவரே அச்சில் படிக்க நேரிடுவது இன்னும் கொடுமை. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்த படம் போதாது என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் அனைத்துலகக் குழு தன் விதிகளில் சொல்லியிருக்கிறது. அடையாளத்தை மறைக்க விவரங்களை மாற்றினாலும் ஆய்வின் பொருள் திரியக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கணவனை இழந்தவளை வேலை இழந்தவள் என்று மாற்றி எழுதினால் இரகசியம் தப்பிக்கும், ஆனால் துயரமே வேறாகிவிடும்.

இந்த இடத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பின்பற்றிய வழக்கம் நினைவுகூரத்தக்கது. 1970இல் வெளிவந்த அவருடைய குழு உளச்சிகிச்சை நூல் இன்றும் இத்துறையில் பாடநூலாக உள்ளது. அவர் ஒவ்வொரு கூட்டத்திற்குப் பிறகும் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, உறுப்பினர்களுக்கே தபாலில் அனுப்பினார். 1975இல் அந்த முறையைப் பற்றிச் சக ஆய்வாளர்களுடன் கட்டுரையும் வெளியிட்டார். தங்களைப் பற்றி எழுதப்பட்டதை முதலில் படித்தவர்கள் குழுவினரே.

இரண்டாவது சிக்கல் கணக்கு. வெளியே இது பேசப்படுவது குறைவு, ஆனால் பாதிப்பு பெரிது. பத்துக் குழுக்களில் எட்டெட்டுப் பேராக 80 பேர் சிகிச்சை பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை 80 தனித்தனி ஆட்களாகக் கணக்கிடலாமா? ஒரு குழுவில் சண்டை வந்தால் எட்டுப் பேருமே பின்னடைகிறார்கள். நல்ல வழிகாட்டி அமைந்தால் எட்டுப் பேருமே தேறுகிறார்கள். எனவே ஆளை மட்டுமன்றிக் குழுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல கட்டுரைகள் இதைச் செய்யவில்லை. 2005இல் பால்ட்வின், மர்ரி, ஷாடிஷ் ஆகிய மூவர், குழுவாக அளிக்கப்பட்ட சிகிச்சைகள் பற்றிய 33 ஆய்வுகளின் கணக்கைத் திருத்திப் பார்த்தனர். ஒரு குழுவினர் ஒருவரையொருவர் எவ்வளவு பாதிக்கிறார்கள் என்ற அனுமானத்தைப் பொறுத்து, 6 முதல் 19 ஆய்வுகளில் ‘பலன் உறுதி’ என்று சொல்ல ஒரு முடிவுகூட மிஞ்சவில்லை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தக் கணக்குச் சிக்கலை முன்கூட்டியே மனத்தில் வைத்து நடத்தப்பட்டது, தென்மேற்கு உகாண்டாவின் மசாகா, ராக்காய் மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு. எய்ட்ஸ் நோய் வீடு வீடாக உயிர்களைப் பறித்த பகுதி அது. பால் போல்டன் தலைமையிலான ஆய்வாளர்கள் ஆட்களைப் பிரிக்காமல் ஊர்களைப் பிரித்தனர். 30 கிராமங்களில் 15இல் குழு சிகிச்சை, மற்ற 15இல் வழக்கமான நிலை. எந்த ஊருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. மனச்சோர்வை அளப்பதற்கு முன்பு அந்த மக்களே அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டனர். இரண்டு சொற்கள் கிடைத்தன: ஒன்றுக்குத் தன்னைத் தானே வெறுத்தல் என்று பொருள், மற்றொன்றுக்குத் தன்மீதே இரக்கப்படுதல்.

குழுக்களை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அந்தப் பகுதியைச் சேர்ந்த, இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள். ஆண்கள் குழுவுக்கு ஆண், பெண்கள் குழுவுக்குப் பெண். வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரங்கள். 224 பேர் ஆய்வை நிறைவு செய்தனர். தொடக்கத்தில் சிகிச்சை ஊர்களில் 86 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது, முடிவில் 6.5 விழுக்காடு. சிகிச்சை இல்லாத ஊர்களில் 94 விழுக்காடு 54.7 ஆகக் குறைந்தது. சிகிச்சை இல்லாமலும் ஓரளவு குறைந்திருக்கிறது என்பதையும் கட்டுரை மறைக்கவில்லை.

2003இல் இந்த ஆய்வு, பிராட்டின் கட்டுரையைத் தாங்கி வந்த அதே ஆய்விதழில் வெளியானது. ஆறு மாதத்திற்குப் பிறகும் பலன் நீடித்ததை 2006இல் வந்த மற்றொரு கட்டுரை காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் இந்தக் குழு சிகிச்சைக்கு ஒரு கையேட்டை வெளியிட்டது. மருத்துவர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று நடத்தும் வகையில் அது எழுதப்பட்டுள்ளது.