லயத்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டி

இலங்கை மலையகத்தின் கலஹாத் தேயிலைத் தோட்டங்களில் பலகாரம் சுடுவது தீபாவளிக்கு உரிய வேலை. பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் சாலையோரத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பண்டிகைக்கு முந்திய இரவு முறுக்கு, பருப்பு வடை, உளுந்து வடை, அதிரசம் எல்லாம் ஒரே அடுப்பில் முறை வைத்து வேகும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களோடு இந்த வழக்கமும் வந்தது. ஆனால் ஆட்கள் வந்த நாளிலேயே வந்துவிடவில்லை.

1820களில் தொடங்கிய கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆட்டுக்கல்லையும் முறுக்கு உரலையும் தூக்கிக்கொண்டு போகிற பயணமல்ல அது.

கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. கோப்பி போலன்றித் தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். அதைப் பறிக்கப் பெண்கள் வேண்டும், அவர்களோடு குடும்பமும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவும் (அறை) முன்னால் ஓர் இஸ்தோப்புமாக (வராந்தா) குடும்பங்கள் நிலைத்த பிறகே எண்ணெய்ச் சட்டி வைக்க ஓர் அடுப்பு கிடைத்தது.

அடுப்பு கிடைத்தாலும் எண்ணெய் வேண்டுமே. தோட்டம் அரிசி போட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. மற்றச் சாமான்கள் கடைக் கணக்கில் வந்தன. அந்தக் கணக்கும் சம்பள நாளில் தீர்ந்ததில்லை. கறிக்குச் சில துளி எண்ணெய் போதும். பொரிப்பதற்கோ ஒரே நாளில் போத்தல் போத்தலாகத் தேங்காயெண்ணெய் வேண்டும். அன்றாடக் கூலியில் கட்டுப்படியாகாத அந்தச் செலவைச் சாத்தியமாக்கியது பண்டிகை முற்பணம்தான். தீபாவளிக்கு முன் தோட்டம் கொடுக்கும் இந்தத் தொகையைப் பின்வரும் மாதச் சம்பளங்களில் தவணையாகக் கழித்துக்கொள்வார்கள். சட்டியில் கொதிப்பது கடன் என்று சொன்னால் மிகையாகாது. பலகாரம் தீர்ந்து மாதங்கள் ஆன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

விறகுக்கு மட்டும் காசு தேவையில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறு என்னும் சுள்ளிகள்தான் அடுப்புக்குப் போகும். தேயிலை மிலாறு சுள்ளென்று எரிந்து சீக்கிரம் தணியும். முறுக்குக்குச் சீரான சூடு வேண்டும் என்பதால் அடுப்படியில் ஒருவர் இருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்குக்குப் பச்சரிசி மா நான்கு பங்கென்றால் உளுந்து மா ஒரு பங்கு. எள்ளோ ஓமமோ சேரும். உளுந்து கூடினால் முறுக்கு எண்ணெய் குடித்து மெத்தென்றாகிவிடும். பருப்பு வடைக்கு ஊறிய கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்து, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்துக் கையில் தட்டுவார்கள். ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் முறுக்கு நமத்துப்போகாதிருக்க, ஆறியவுடன் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூட வேண்டும்.

சுட்டதில் ஒரு பங்கு பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்கும் போகும். சித்திரைப் புத்தாண்டில் அங்கிருந்து கவுமும் கொக்கிஸும் வரும். அரிசி மாவில் பாணி சேர்த்துச் சுடும் கவும் அதிரசத்துக்கு உறவு. அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் தமிழ்நாட்டு அச்சு முறுக்கின் அதே முறை. வடை இந்த எல்லையையும் தாண்டிவிட்டது. ரயில் பெட்டிகளில் கூடையோடு ஏறி, கொழும்பு காலிமுகத்திடலில் இறால் பதித்த ‘இஸ்ஸோ வடே’யாகவும் ஆனது.

1970களின் முதற்பாதியில் இந்த வழக்கம் முறிந்தே போகும் நிலை வந்தது. அரசு பருப்பு, செத்தல் மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பங்கீட்டு அரிசியும் குறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. பருப்பு இருந்த இடத்துக்கு மரவள்ளிக் கிழங்கு வந்தது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்த பிறகே பருப்பு தாராளமாகக் கிடைத்தது. அதற்குள் இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தப்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரி போன்ற இடங்களில் புதிதாக அடுப்பு மூட்டியிருந்தன.

2021 ஏப்ரலில் இலங்கை அரசு, பொரிக்கப் பயன்படும் பாமாயிலின் இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நகரத்து வீடுகள் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, மிலாறு எரியும் லயத்து அடுப்புக்கு அந்தத் தட்டுப்பாடு ஒரு பொருட்டல்ல. எண்ணெய், மா, பருப்பு விலைதான் அடித்தது. முற்பணம் உயர்ந்த வேகத்தைவிட விலை உயர்ந்த வேகம் பெரிது. ஆனாலும் சட்டி ஏறுவது நிற்கவில்லை. அதில் விழும் முறுக்கின் எண்ணிக்கைதான் குறைந்தது.