பத்துமலைப் பாறையில் சிப்பியைக் காணோம், குகையில் ஓராங் ஊத்தான் பல்! எப்படி?

பத்துமலையில் 272 படி ஏறியிருப்பீங்க. நடுவில் மூச்சு வாங்க நின்றபோது அந்தப் பாறையை நிமிர்ந்து பார்த்திருப்பீங்க. நீங்கள் பார்த்தது ஒரு பழைய கடலின் அடித்தளம். அதன் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு. அப்போது டைனோசர்கூட உலகில் தோன்றவில்லை.

கடலில் உருவான பாறை என்றால் அதில் சிப்பியும் பவளமும் நிறைய தெரிய வேண்டும் அல்லவா? தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் அதே மலையின் குகைகளில் ஓராங் ஊத்தானின் பற்கள் கிடைத்திருக்கின்றன. இன்று தீபகற்ப மலேசியாவின் காடுகளில் ஓராங் ஊத்தானே இல்லை! போர்னியோவுக்கோ சுமத்ராவுக்கோ போனால்தான் பார்க்கலாம்.

முதலில், கடல் எப்படிக் கல்லானது?

வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில் வாழும் பவளம், சிப்பி, நுண்ணுயிர்கள் எல்லாம் சுண்ணாம்பால் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அவை செத்ததும் ஓடு அடியில் விழுகிறது. அது லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். மேலே இருக்கும் எடை கீழே இருப்பதை நசுக்கும். இடுக்கில் ஊறும் நீரிலுள்ள சுண்ணாம்பு பசை மாதிரி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். அப்படி இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். மணல் இறுகினால் மணற்கல். இவற்றைப் படிவுப் பாறை என்கிறோம். பெரும்பாலான புதைபடிவங்கள் கிடைப்பது இந்த வகைப் பாறையில்தான்.

கெந்திங் மலையில் இருப்பது வேறு கதை. அது கிரானைட். பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆறிக் கெட்டியானது. மெதுவாக ஆறியதால்தான் அதில் பெரிய பெரிய படிகங்கள். கிச்சன் மேடையில் கிரானைட் போட்டிருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். குழம்புக்குள் எந்த உயிரும் வாழ முடியாது, அதனால் கிரானைட்டில் புதைபடிவம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிப்பியை அழித்தது யார்?

சந்தேகமே வேண்டாம், சூடுதான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் குழம்பாக மேலே ஏறி வந்தபோது, பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல்லை வேகவைத்துவிட்டது. கல் உருகவில்லை. உருகாமலே அதன் துகள்கள் மறுபடியும் அடுக்கிக்கொண்டு பெரிய படிகங்களாயின. சுண்ணாம்புக்கல் பளிங்கானது.

இங்கேதான் சிக்கல். சிப்பியும் சுண்ணாம்பு, அதைச் சுற்றியிருந்த சேறும் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே படிகமாக வளர்ந்தால் சிப்பியின் ஓரம் எங்கே தெரியும்? எங்கோ சூடு அதிகம் தாக்காத இடத்தில்தான் அடையாளம் மிஞ்சும்.

அப்படியானால் பல் எப்படித் தப்பித்தது?

அது ரொம்பப் பிந்தி வந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகைகளை உண்டாக்கியது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுற்றியிருந்த காட்டில் செத்த விலங்குகளின் எலும்பும் பல்லும் அந்தக் குகைகளுக்குள் வந்து சேர்ந்தன. மேலிருந்து சொட்டிய சுண்ணாம்பு நீர் மண்ணோடு சேர்த்து அவற்றை இறுக்கிவிட்டது.

கொண்டுவந்து சேர்த்ததில் முள்ளம்பன்றிகளுக்கும் பங்கு உண்டு என்றால் நம்புவீங்களா? அவை எலும்பை இழுத்துவந்து கடிக்கும். தென்கிழக்காசியக் குகைகளில் முழு எலும்பைவிடப் பல் அதிகம் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பல்லின் எனாமல் ஏற்கனவே கிட்டத்தட்ட முழுக்கக் கனிமம்தான். எளிதில் மக்காது.

நம் ஊர் வெயிலும் ஈரமும் அமில மண்ணும் எலும்பைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஓர் உயிர் புதைபடிவமாக வேண்டுமென்றால் உடனே மூடப்பட வேண்டும், காற்று படக்கூடாது, கனிமம் கலந்த நீர் உள்ளே ஊற வேண்டும். குகை அந்த வாய்ப்பைக் கொடுத்தது. பகாங்கில் மணல் கொடுத்தது. 2014இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழு அங்கு கிடைத்த டைனோசர் பல்லை அறிவித்தது. மீன் தின்னும் வகை டைனோசர் அது. கிடைத்த இடத்தை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் சுத்தியலோடு கூட்டம் கிளம்பிவிடும், சரியான முடிவு!

குவாரி நண்பனா, எதிரியா?

சுண்ணாம்புக்கல் இல்லாமல் சிமெண்ட் இல்லை, சிமெண்ட் இல்லாமல் நம் வீடு இல்லை. பெர்லிசின் குவார் சனாயில் குன்றை வெட்டி மண் எடுத்ததால்தான் உள்ளே இருந்த திரிலோபைட் போன்ற பழங்காலக் கடலுயிர்கள் வெளியே தெரிந்தன. ஆனால் வெட்டுவது அங்கேயே நிற்காவிட்டால் அவையும் லாரியில் ஏறிப் போய்விடும். குகைகளில் நிலைமை இன்னும் மோசம். புதைபடிவம் இருப்பது சுவரோரம் ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் திரும்ப வராது.

மலையேறும்போது கல்லில் சிப்பி மாதிரியோ பல் மாதிரியோ ஏதாவது தெரிந்தால் பெயர்க்காதீங்க. எந்த அடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைக் கணிப்பார்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெறும் கல். பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ, புவியியல் பிரிவு உள்ள பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் இடத்தைப் போட வேண்டாம்.