பார்பியானா: தோற்ற பிள்ளைகளின் பள்ளி

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் பங்குகளில் இருவகை இல்லங்களைக் காண்கிறோம். ஓர் இல்லத்தில் இனிப்பு வழங்குகிறார்கள். மற்றோர் இல்லத்தில் கதவு சாத்தியே கிடக்கிறது. முதல் இல்லத்துப் பிள்ளையை ஞாயிறு திருப்பலியின் முடிவில் அழைத்துப் பாராட்டுகிறோம். மற்றப் பிள்ளையைக் குறித்து, "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று கூறி முடித்துவிடுகிறோம். அப்படிக் கூறுமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு ஒன்று இத்தாலி நாட்டின் மலைச்சரிவு ஒன்றில் நிகழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு, பள்ளி அனைவருக்கும் திறந்தது என்றும், குறைந்தது எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயமானது, இலவசமானது என்றும் அறிவித்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம், பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான நடுநிலைப்பள்ளியை ஏற்படுத்தியது. ஏட்டளவில் கதவு திறந்துவிட்டது. ஆனால் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அக்கதவின் வழியே நுழைந்து, ஓரிரு ஆண்டுகள் தோற்று, அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்து, பின்னர் வயலுக்கும் ஆலைக்கும் திரும்பிக்கொண்டிருந்தனர். அரசுப் பள்ளி அவர்களைத் தேடவில்லை.

அவர்களைத் தேடியவர் ஒரு குரு. 1923இல் புளோரன்ஸ் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த லொரென்சோ மிலானி, 1947இல் குருப்பட்டம் பெற்றார். கலென்சானோவில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணிபுரிந்தபோது, கட்சி வேறுபாடு பாராமல் இளந்தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். மறையுரை புரிய வேண்டுமானால் முதலில் மொழி வசப்பட வேண்டும் என்பதை அங்கே அவர் கண்டார். அவருடைய போக்கு பலருக்கு உவப்பாயில்லை. 1954 டிசம்பரில் அவர் முஜெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். ஒரு கோயில், சிதறிக் கிடந்த சில வீடுகள். மின்சாரமில்லை, நல்ல சாலையில்லை. மூடப்படவிருந்த பங்கு அது. தம் மேய்ப்புப்பணி அனுபவங்களை அவர் 1958இல் நூலாக வெளியிட்டபோது, அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளுமாறு உரோமை ஆணையிட்டது. இவ்வளவுக்கும் பிறகும் அவர் பணிந்து, அம்மலையிலேயே தங்கிக் கற்பித்தார்.

பங்கு இல்லமே பள்ளியாயிற்று. ஆண்டின் எல்லா நாளும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்கு, பாடம் நடந்தது. நாளிதழை வரிவரியாகப் படித்து விவாதித்தனர். அயல்மொழிகள் பயின்றனர், மூத்த மாணவர்கள் வெளிநாடு சென்று உழைத்துக்கொண்டே மொழி கற்றுத் திரும்பினர். பெரியவன் சிறியவனுக்குக் கற்பித்தான். கடைசியாய் நிற்பவனுக்குப் பாடம் விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தனர். மிலானி மிகுந்த கண்டிப்புடையவர். அவர் வகுப்பறையின் கடுமையை இன்று நாம் ஏற்கமாட்டோம். பெண்பிள்ளைகள் அங்கு மிகக் குறைவாகவே வந்தனர் என்ற குறையும் உண்டு. எனினும், அரசுப் பள்ளி தள்ளிவிட்ட பிள்ளைகள் அங்கே கற்றார்கள் என்பது மறுக்கமுடியாத உண்மை.

அப்பிள்ளைகளுள் இருவர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேர்வில் தோற்றபோது, தோழர்கள் அழுது ஓயவில்லை. எட்டு மாணவர்கள் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து, 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூலை எழுதினர். ஒவ்வொருவனும் தன் கருத்தைத் துண்டுத் தாள்களில் எழுதினான். எல்லாரும் கூடி அவற்றை வகைப்படுத்தி, வேண்டாத சொற்களை நீக்கி, ஒன்றாய்க் கோத்தார்கள். நாட்டின் பள்ளிப் புள்ளிவிவரங்களைத் திரட்டி, எந்தத் தொழில் செய்யும் தந்தையின் பிள்ளை எந்த வகுப்பில் காணாமற்போகிறான் என்று கணக்கிட்டனர். அக்கணக்கின் சிறப்பைப் பாராட்டி இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசளித்தது. நூல் 1967 மே மாதம் வெளிவந்தது. புற்றுநோயுற்றிருந்த மிலானி, அடுத்த மாதம் 26ஆம் நாள், தம் 44ஆம் வயதில் இறந்தார்.

அந்நூல் குற்றஞ்சாட்டுவதோடு நிற்கவில்லை. மூன்று சீர்திருத்தங்களைக் கேட்டது. முதலாவது, கட்டாயக் கல்விப் பருவத்தில் எவரையும் தோற்கடிக்கலாகாது. இரண்டாவது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு முழுநாள் பள்ளி வேண்டும். மூன்றாவது, ஆர்வமற்றவனுக்குக் கற்பதற்கு ஒரு நோக்கத்தைக் காட்ட வேண்டும். இம்மூன்றும் ஒரே கயிற்றின் முப்புரிகள். ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றவை தாங்கா.

பின்வந்த ஆண்டுகளில் இத்தாலி சில படிகள் ஏறியது. 1971இல் தொடக்கப்பள்ளிகளில் முழுநாள் கல்விக்குச் சட்டம் இடமளித்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டம், பின்தங்கியோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கான தனி வகுப்புகளை நீக்கி, அப்பிள்ளைகளைப் பொது வகுப்புகளில் அமர்த்தியது. இவற்றுக்கு ஒரு கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆசிரியரும் பெற்றோரும் தொழிற்சங்கங்களும் போராடினர். ஆயினும் கேள்வியைக் கூர்மையாக்கியது அக்கடிதமே. முழுநாள் பள்ளி இன்றும் வடக்கே மிகுந்தும், ஏழைத் தெற்கே குறைந்தும் இருப்பது, பணி முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

இவ்வரலாறு நம்மையும் தொடுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்புவரை எப்பிள்ளையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. பத்தாண்டு கழித்து, 2019இல், அவ்விதி திருத்தப்பட்டு, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி தவறியோரை நிறுத்திவைக்கும் உரிமை அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் அதைச் செயற்படுத்தியது. தமிழக அரசோ கட்டாயத் தேர்ச்சியைத் தொடர்வதாக அறிவித்தது. தோற்கடிப்பதா, தேர்ச்சி தருவதா என்று இருதரப்பும் வாதிடுகின்றன. கற்காமலே தேர்ச்சி பெறும் பிள்ளை ஏமாற்றப்படுகிறான். தோற்று வெளியேறும் பிள்ளை கைவிடப்படுகிறான். பார்பியானாவின் சிறுவர்கள் கேட்ட இரண்டாவது கோரிக்கையை, அதாவது அவனுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் ஆசிரியரும் தருவதை, நாம் எவ்வளவு பேசுகிறோம்? பெருந்தொற்றுக்குப்பின் 2021இல் தமிழகம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அத்திசையில் எடுத்துவைத்த ஓர் அடி. மாலைவேளையில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர்.

மலையுச்சிப் பள்ளியை அப்படியே ஓர் அரசு நாடெங்கும் நிறுவ இயலாது. ஒரு மிலானிக்காகக் காத்திருப்பதும் தகாது. ஆனால் மிலானியின் தொடக்கம் ஓர் எளிய மாலைப் பள்ளியே. 2017 ஜூன் 20ஆம் நாள் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று, ஒருகாலத்தில் ஐயுறப்பட்ட அந்தக் குருவின் கல்லறையருகே செபித்தார். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பங்குமன்றக் கூடங்கள் பெரும்பாலும் மாலையில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் அருகிலேயே அரசுப் பள்ளியில் படித்துப் பின்தங்கிய பிள்ளைகள், எம்மதத்தினராயினும், வாழ்கிறார்கள். அடுத்த ஆண்டு தேர்வு முடிவுகள் வருமுன் அந்தக் கூடத்தின் விளக்கை ஏற்றுவோர் யார் என்பதை, இந்த ஆண்டே நாம் முடிவு செய்யலாம்.