விபத்து இழப்பீட்டில் பொறுப்பு

விபத்தில் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் யார் பணம் தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானிக்கும் முறை. நாவலூர் வட்டாரத்தில் இது பெரும்பாலும் சாலை விபத்து வழக்கையே குறிக்கும். சோழிங்கநல்லூரிலிருந்து நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வழியே மாமல்லபுரம் நோக்கிப் போகும் பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவன வேன்களும் தண்ணீர் லாரிகளும் அரசுப் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் நாள் முழுதும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன.

இந்தியாவில் இதன் தொடக்கம் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம். இங்கிலாந்தின் 1846-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி வந்த அது, இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் சார்பில் வழக்குத் தொடர வழி திறந்தது. ஆனால் உரிமையியல் நீதிமன்றக் கட்டணமும் காலதாமதமும் ஏழைகளைத் தள்ளியே வைத்தன. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி 1946-ல் நடைமுறைக்கு வந்தது. 1956-ல் செய்த திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு இடம் தந்தது. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில், விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் வசிக்கும் இடத்திலோ மனுப் போடலாம். நாவலூரில் அடிபட்டு ஊர் திரும்பிய தென்மாவட்டத்துத் தொழிலாளிக்கு இது பெரிய ஆறுதல்.

தீர்ப்பாயத்தின் முதல் கேள்வி, தவறு யாருடையது என்பது. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. பார்வை மகஜர், வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, கண்ணால் கண்டவர் சாட்சியம் எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். ஆனால் குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல்.

இந்த வேறுபாட்டை அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான் வந்தது. என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவனத்தின் பேருந்து இரவில், தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதி 8 பேர் அங்கேயே இறந்தனர். கடவுள் செயல் என்று குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். ஆயினும் இழப்பீட்டுப் பொறுப்பு நீங்காது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்பாயங்கள் சிறுசிறு ஐயங்களைக் காட்டி ஓட்டுநரையும் உரிமையாளரையும் தப்பவிடக் கூடாது என்று எச்சரித்தார். பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் சட்டத்தைத் திருப்பியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

தவறு இருபக்கமும் இருந்தால் பொறுப்பு விழுக்காட்டில் பிரியும். அடிபட்டவரும் தவறு செய்திருந்தால் அவர் பங்கு தொகையில் கழியும். ஆனால் இரு வண்டிகள் மோதி, ஒன்றில் சும்மா அமர்ந்திருந்த பயணி காயமடைந்தால், அவர் முழுத் தொகையையும் எந்த உரிமையாளரிடமும் கேட்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரே பைக்கில் மூவர் சென்றது மட்டுமே அவர்களின் தவறாகிவிடாது, அதுதான் விபத்துக்கு அல்லது காயத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்றது 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

தவறே நிரூபிக்காமல் பெறும் நிவாரணம் 1982-ல் நுழைந்தது: இறப்புக்கு 15,000 ரூபாய். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 லட்சமாகவும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமாகவும் உயர்த்தியது. தொகைக் கணக்கிலும் ஒழுங்கு வந்தது. இறந்தவரின் வருமானத்தில் அவரது சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் பெருக்கும் அட்டவணையை 2009-ல் சரளா வர்மா வழக்கு தந்தது. 26 முதல் 30 வயதுக்கு அந்த எண் 17.

தீர்ப்பு கிடைத்தும் பணம் வராத துயரம் தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. போக்குவரத்துக் கழகம் தொகை கட்டாததால் நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்திலேயே அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தி அடிக்கடி வருகிறது. காலை இழந்தவர் அதற்குள் பல ஆண்டு காத்திருப்பார்.

ஓட்டுநருக்கு அப்பாலும் பொறுப்பு உண்டு என்பதை 2019 செப்டம்பர் பள்ளிக்கரணை விபத்து காட்டியது. அனுமதியில்லாத பேனர் சரிந்ததால் கீழே விழுந்த இளம்பெண் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. இடைக்கால இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் தர அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அதைத் தவறிழைத்த அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், தரக்குறைவாகச் சாலை அமைத்ததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் சாலை அதிகார அமைப்புக்கும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதித்தது. அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்கு நேரே போகாது, நிதியொன்றில் சேரும். 2023 அக்டோபர்வரை நாவலூரில் சுங்கம் வாங்கிய பழைய மாமல்லபுரம் சாலையில், கட்டணம் வாங்கியவருக்கும் பொறுப்புண்டா என்ற கேள்வி முக்கியமானது. இந்த அபராதம் அதற்குப் போதிய விடையன்று.

மனுப் போட 6 மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1994-ல் நீக்கிய கெடுவை மீண்டும் கொண்டுவந்த இந்த மாற்றம், மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்களுக்கே முதலில் பாதகமானது.