தோள்சீலை முதல் துப்பட்டா வரை: திண்டுக்கல் சமவெளியில் பெண்களின் உடையும் மேலாடை விதியும்

தமிழ்நாட்டுப் பெண்களின் உடை கடந்த இரு நூற்றாண்டுகளில் அடைந்த மாற்றத்தை, பின்கொசுவம் போய் முன்கொசுவம் வந்தது, ரவிக்கை பரவியது, தாவணி ஒதுங்கிச் சுடிதார் நிலைத்தது என்று ஆடைகளின் வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஆடையோடும் சேர்த்துப் பெண்ணிடம் ஊர் எதிர்பார்த்தது என்ன என்பதை அந்த வரிசை காட்டுவதில்லை. பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே, பாண்டிய நாட்டு வழக்கும் கொங்கு வழக்கும் கலக்கும் விளிம்பில் அமைந்த தொப்பம்பட்டியையும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியையும் களமாகக் கொண்டு நோக்கும்போது, மாறிய ஆடைகளுக்குள் மாறாமல் தொடரும் ஒரு விதி தென்படுகிறது. மார்பின் குறுக்கே செல்லும் மேலாடை பற்றியது அந்த விதி. ஒரு காலத்தில் சில சாதிப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட உரிமையாக இருந்த அந்தத் துணி, உரிமை கிடைத்த பிறகு எல்லாப் பெண்களுக்கும் உரிய கடமையாக மாறியது என்பதையும், மாராப்பு, தாவணி, துப்பட்டா, துண்டு என்று பெயர் மாறி அது தொடர்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அறுத்த துணியும் தைத்த துணியும்

உடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் பலவும் தையலைச் சுட்டாமல் வெட்டுதலையே சுட்டுகின்றன. தறியிலிருந்து அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, கூறு செய்யப்படுவது கூறை, துண்டாக்கப்படுவது துண்டு. சிலப்பதிகார மதுரையில் துணிக்கடைத் தெருவுக்கு அறுவை வீதி என்றே பெயர். மார்பில் கட்டும் கச்சு சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றாலும், உடையின் அடிப்படை அலகு தைக்காத நீள் துணியாகவே இருந்தது. அதை உடுத்தும் முறையே வயதையும் சாதியையும் மணநிலையையும் தொழிலையும் தெரிவித்தது.

திண்டுக்கல் சமவெளியில் பேச்சு வழக்கில் சீலை எனப்படும் சேலையை உழைக்கும் பெண்கள் நெடுங்காலம் பின்கொசுவமாகவே கட்டினர். கொசுவம் என்பது துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி இடுப்பில் செருகும் பகுதி. அதை முதுகுப்புறம் செருகி, விசிறிபோல் விரித்துவிடுவது பின்கொசுவம். பதினாறு முழம் வரை நீண்ட பருத்திச் சேலை இடுப்பைச் சுற்றி இரட்டை அடுக்காக அமைந்ததால் உள்பாவாடை தேவைப்படவில்லை என்பதும், முன்புறம் மடிப்புத் தொங்காததால் குனிந்து களையெடுக்கவும் நாற்று நடவும் கால் தடைப்படவில்லை என்பதும் இக்கட்டின் பயன்கள். சேலையின் மறுமுனை மார்பின் குறுக்கே ஏறித் தோளில் விழும். மார்பை மறைக்கும் அப்பகுதி மாராப்பு எனப்படும். மார், யாப்பு என்று பிரித்து, மாரில் கட்டுவது என அச்சொல்லுக்குப் பொருள் கொள்வதுண்டு.

தைக்காத துணியை உடலிலேயே உருவாக்கிக்கொள்ளும் இம்மரபு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் உள்ள சோமாலியப் பெண்களின் மரபுடையான குந்தீனோவும் ஒரு தோளில் முடிச்சிட்டு இடுப்பைச் சுற்றி உடுத்தும் நீள் துணியே. முடிச்சிடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அதன்மேல் பெண்கள் போர்த்தும் சால்வை கர்பசார், அதாவது தோளில் இடுவது. அப்பெயரும் தமிழின் தோள்சீலையும் ஒரே உறுப்பைச் சுட்டிப் பிறந்தவை என்பது கருதத்தக்கது.

மறுக்கப்பட்ட மேலாடை

தோள்சீலை என்ற சொல் தமிழக வரலாற்றில் ஒரு போராட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், உயர்ந்தோர் எனப்பட்டவர் முன் மேலாடையின்றி நிற்பதே மரியாதை எனப்பட்ட வழக்கத்தால் நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கும் உரிமை இழந்திருந்தனர். 1813-இல், ஆங்கிலேயப் பிரதிநிதியாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவம் தழுவிய பெண்கள் மேற்சட்டை அணிய அனுமதித்தார். 1829-இல் வந்த அரச அறிவிப்பு, சட்டைபோன்ற குப்பாயத்தை ஏற்றுக்கொண்டு, உயர்சாதிப் பெண்களைப்போலத் தோளில் சீலையிடுவதைத் தடுத்தது. 1858, 1859 ஆண்டுகளின் கலவரங்களுக்கும் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்துக்கும் பின், 1859 ஜூலை 26-இல் வெளியான அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. எனினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் அதே முறையில் அணியக்கூடாது என்ற தடையை அதுவும் விடவில்லை. உடலை மறைக்க இசைந்த அரசு, உடுத்தும் பாங்கை மட்டும் சாதியின் எல்லைக்குள் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதே இதன் பொருள்.

இது திருவிதாங்கூரோடு முடிந்த செய்தியும் அன்று. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளுள் ஒன்று, அவர்களின் பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ உடலின் மேற்பகுதியை மறைக்கக்கூடாது என்பதாகும். சாதி பற்றிய ஜே.எச். ஹட்டனின் நூலில் இத்தடைகள் பதிவாகியுள்ளன. திண்டுக்கல்லுக்குத் தென்கிழக்கே, ஒரு தலைமுறைக்கு முன்பிருந்த பாட்டிகளின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தது இது. பின்னாளில் கண்ணியத்தின் இலக்கணமாகப் போற்றப்பட்ட தாவணி, அன்று ஒரு சாதிப் பெண் அணிந்தால் அத்துமீறல் என்று கொள்ளப்பட்டது.

ரவிக்கையும் வெள்ளைச் சேலையும்

ரவிக்கையின் பரவலுக்குப் பல திசைகளிலிருந்து காரணங்கள் வந்து சேர்ந்தன. கிறித்தவச் சபைகளின் பள்ளிகளும் தையல் வகுப்புகளும் தென்மாவட்டங்களில் மேற்சட்டையைப் பழக்கப்படுத்தின. வங்காளத்தின் தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஞானதானந்தினி தேவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்துச் சேலை உடுத்தும் முறையை வகுத்துப் பரப்பினார். 1894-இல் அச்சகம் தொடங்கிய இரவிவர்மாவின் வண்ணப்படங்கள் முன்கொசுவச் சேலை அணிந்த தேவியரை வீட்டுச் சுவர்கள்தோறும் கொண்டுசென்றன. தையல் இயந்திரம் சிற்றூருக்கு வந்தபின், அளவெடுத்துத் தைத்த ரவிக்கை எவருக்கும் எட்டும் பொருளாயிற்று. சந்தைக்கு வந்த சேலையும் ஐந்தரை மீட்டர் அளவில் சீர்ப்பட்டுவிட, நீள்சேலையும் பின்கொசுவமும் முதியவர்களோடு ஒதுங்கின.

திண்டுக்கல் சமவெளியின் உடை வரலாற்றில் சின்னாளபட்டிக்குத் தனியிடம் உண்டு. துணியில் சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கி, அவிழ்க்கும்போது வெண்புள்ளிகள் தோன்றச் செய்யும் சுங்குடிக் கலை, குசராத்திலிருந்து இடம்பெயர்ந்த சௌராட்டிர மக்களால் மதுரையில் வேரூன்றியது. சின்னாளபட்டியில் அது மெழுகு அச்சாகவும் பிற அச்சுமுறைகளாகவும் மாறி, மலிவான பருத்திச் சேலையாகச் சுற்றுவட்டாரச் சந்தைகளை அடைந்தது. வெயிலைத் தாங்கும் மென்மையும் அடிக்கடி துவைத்தாலும் மங்காத நிறமும் சுங்குடியை அன்றாடச் சேலையாக்கின. 1983-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம், நெசவாளருக்கு வேலையும் ஏழை வீடுகளுக்குப் புத்தாடையும் அளிக்கும் நோக்கில், சேலையை அரசு வழங்கும் பொருளாகவும் ஆக்கியது.

ரவிக்கை எல்லோருக்கும் பொதுவானபோது, ரவிக்கை இன்மையின் பொருள் தலைகீழாக மாறியது. முன்பு உழைக்கும் பெண்களின் இயல்பான தோற்றமாக இருந்தது, பிறகு முதுமைக்கும் கைம்மைக்கும் உரிய அடையாளமாகச் சுருங்கியது. கொங்குப் பகுதியின் சில சமூகங்களில் கணவனை இழந்த பெண் ரவிக்கையின்றி வெள்ளைச் சேலை உடுத்த வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. கணவன் இறந்தபின் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுத்துணியாகிய கோடியும், சுமங்கலிகளுக்கு மட்டும் தாம்பூலத்தோடு வழங்கும் ரவிக்கைத்துணியும் இந்த எல்லையைச் சடங்கின் வழியே காத்தன. இந்த வெள்ளைக்கு வேறொரு பொருளைக் கொடுத்தது கதர் இயக்கம். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தி தம் உடையைக் குறைத்துக்கொண்டதும், இளம்வயதில் கணவனை இழந்து பின்னர் மருத்துவம் கற்று, 1940-இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்ட டி.எஸ். சௌந்தரம் அவருடன் இணைந்து 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியதும், கதர் வெள்ளையைப் பொதுப்பணியின் நிறமாக்கின. ஒரே நிறம் ஒரு வீட்டில் விலக்கையும் மற்றொரு வீட்டில் விடுதலையையும் குறித்த அந்தக் காலம், உடையின் பொருள் துணியில் இல்லை, உடுத்தச் சொல்பவரிடத்திலும் உடுத்துபவரிடத்திலும் உள்ளது என்பதற்குத் தக்க சான்று.

தாவணியும் பருவப் படிகளும்

சிறுமிக்குப் பாவாடை சட்டை, பூப்பெய்தியவளுக்குப் பாவாடை தாவணி, மணமானவளுக்குச் சேலை என்ற மூன்று படிகள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழகச் சிற்றூர்களில் நிலவின. தாவணி என்பது பாவாடையில் செருகி மார்பின் குறுக்கே போட்டுக்கொள்ளும் அரைச்சேலை. சடங்கு எனப்படும் பூப்பு விழாவில் தாய்மாமன் சீராகக் கொண்டுவரும் துணியை உடுத்திப் பெண்ணை மணையில் அமர்த்துவது, அவளுடைய உடல்நிலையை ஊருக்கு அறிவிக்கும் செயலாகவும் இருந்தது. அன்றுமுதல் அவள் ஓடியாடுவதும் சத்தமாகச் சிரிப்பதும் கண்டிக்கப்பட, மாராப்பு விலகாமல் நடக்கும் பழக்கமே அடக்கத்தின் அளவுகோலானது.

இந்தப் படிகளைத் தளர்த்தியது எந்தச் சீர்திருத்த முழக்கமும் அன்று, பள்ளிக்கூடமும் பேருந்தும் மிதிவண்டியும்தான். பெண்கள் எளிய உடை அணிந்து, தலைமயிரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் வலியுறுத்தினார். அந்த அறிவுரையை ஊர் ஏற்கவில்லை. ஆனால் மேல்நிலைப் பள்ளிக்குத் தினமும் பேருந்தில் சென்று திரும்பும் பெண்ணுக்குத் தாவணி வசதியில்லை என்ற நடைமுறை உண்மையை வீடு ஏற்றுக்கொண்டது. சீருடையில் தாவணிக்கு மாற்றாகச் சுடிதார் இடம்பெற்றபின், தாவணி சடங்கு வீட்டுக்கும் நிழற்படக் கலைஞருக்கும் உரிய விழா உடையாகியது.

துப்பட்டா, துண்டு, சட்டை

சுடிதார் கழுத்து முதல் கணுக்கால் வரை உடலை மறைக்கிறது. சேலையோ இடையின் ஒரு பகுதியை வெளியே விடுகிறது. எனினும் சேலைக்குக் குறை சொல்லாத ஊர், சுடிதாரோடு ஷால் என்றும் துப்பட்டா என்றும் வழங்கும் மேல்துணி இல்லையென்றால் குறை சொல்கிறது. வீட்டில் இரவு உடையாக வந்து, தெருக்குழாய்க்கும் மளிகைக் கடைக்கும் செல்லும் பகல் உடையாக விரிந்த நைட்டிக்கும் இதே நிலைதான். தொளதொளவென்று உடலை முழுவதும் மூடும் அந்த அங்கியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டே பெண்கள் வாசலைத் தாண்டுகின்றனர். மறைத்தலின் அளவு இங்கே விதியாக இல்லை, மார்பின்மேல் இரண்டாவதாக ஒரு துணி இருப்பதே விதியாக உள்ளது என்பதை இவ்வொப்பீடு உறுதிசெய்கிறது. துப்பட்டாவும் துண்டும் சேலையிலிருந்து பிரிந்த மாராப்பே ஆகும்.

இவ்விதிக்கு எழுத்துவடிவமும் கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் 2015 நவம்பர் உத்தரவை அடுத்து, 2016 ஜனவரி 1 முதல் பழனி உள்ளிட்ட கோயில்களில் அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. பெண்கள் சேலை, தாவணி, அல்லது மேல்துணியுடன் கூடிய சுடிதார் அணிய வேண்டும் என்றும், ஆண்கள் மேல்துணியோடு வேட்டியோ பைஜாமாவோ, அன்றிப் பேன்ட் சட்டையோ அணியலாம் என்றும் அவ்வுத்தரவு வகுத்தது; மேல்முறையீட்டில் விரைவிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. தைத்த சட்டை ஆணுக்குப் போதுமென்ற உத்தரவு, தைத்த உடை பெண்ணுக்குப் போதாது என்று கருதியமை இங்கு நோக்கத்தக்கது. 2019-இல் தலைமைச் செயலகப் பணியாளருக்கு வெளியான உடை விதியும் சேலையையோ துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையோதான் பெண்களுக்குக் குறிப்பிட்டது.

விதி ஓய்வெடுக்கும் ஓரிடமும் உண்டு. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாகத் தொடங்கிய தமிழக மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் அப்பணியிலும் தோட்டங்காட்டு வேலையிலும் பெண்கள் சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொள்கின்றனர். வெயிலுக்கும் சுணைக்கும் அஞ்சி வந்த அந்தச் சட்டைக்குள் மாராப்பு மறைந்துபோவதை எவரும் கேள்வி கேட்பதில்லை. மண்வெட்டி கையில் இருக்கும் வரை அனுமதிக்கப்படும் சட்டை, வேலை முடிந்து வீடு திரும்பும்போது கழற்றப்படுகிறது.

சோமாலியாவிலும் கடந்த அரை நூற்றாண்டில், குறிப்பாக 1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பின், குந்தீனோ விழா உடையாகச் சுருங்கி, தலையையும் மேலுடலையும் மூடும் உடைகள் பொதுவெளியில் பெருகின. அங்கே மதமும் போரும் புலம்பெயர்வும் செய்ததை இங்கே சாதியும் பள்ளியும் வேலையும் செய்தன. காரணங்கள் வேறாயினும், தைக்காத மரபுடையை விழாவுக்கு ஒதுக்கிவிட்டு அன்றாட உடைக்குப் புதிய விதி எழுதிக்கொண்டது இரு சமூகங்களுக்கும் பொது. 1859-இல் தோளில் சீலையிட்டதற்காகத் தாக்கப்பட்ட பெண்ணும், இன்று தோளில் துப்பட்டா இல்லாததற்காகத் தெருவில் முணுமுணுப்பைக் கேட்கும் பெண்ணும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பதாகத் தோன்றலாம். ஆயினும் தன் தோளில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாத இடத்தில்தான் இருவரும் நிற்கின்றனர்.